மச்சானுக்குப் போன பாட்டு டேப்

நம்ம வயசுக்காரங்க ஒண்ணு கூடினா இப்பல்லாம் முதல்ல சுகர், அப்புறம் முட்டிவலி. அது ரெண்டும் பேசி முடிஞ்சதும் யாராவது ஒருத்தர் டேப் ரிக்கார்டர் காலத்தை எடுத்து விடுவாங்க. நாடா சிக்கினது, பென்சிலை விட்டுச் சுத்தினது, ரேடியோவுல பாட்டு வர்றப்ப ஓடிப்போய் அமுக்கினதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி எல்லாரும் சிரிப்போம். என் முறை வந்தா, "எங்க வீட்ல டேப்புன்னா கல்ஃப் கடுதாசிதான்ப்பா"ன்னு சொல்லி நழுவிடுவேன். இந்தத் தடவை நழுவல. தமிழ் எனக்கு வாயில ஓடற மாதிரி கையில ஓடாது, பள்ளிக்கூடத்துல படிச்சது மலையாளம். எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. மத்த பிழையைப் பொறுக்கச் சொல்லி நான் கேக்கல.

மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னாடி சந்துல எங்க வீடு. அத்தாவுக்குச் சாக்கு வியாபாரம். மிளகு வந்த சாக்கு, சுக்கு வந்த சாக்கு, மஞ்சள் வந்த சாக்கு எல்லாம் காலியா வாங்கி, கிழிசல் தைச்சு, திரும்ப விப்பார். கடையில இடம் போதாம உள் ரூம்ல பாதிக்குச் சாக்கு அடுக்கியிருக்கும். எங்க வீட்டுக்குள்ள வர்ற யாரும் தும்மாம உக்காந்ததில்லை. நாங்க பழகிட்டோம். என் ஸ்கூல் யூனிஃபார்ம்ல சுக்கு வாசனை அடிக்குதுன்னு கிளாஸ்ல பக்கத்துல உக்காரச் சில பேர் யோசிப்பாங்க.

நான் அப்ப ஒன்பதாங்கிளாஸ். அக்கா எனக்கு ஏழு வயசு மூத்தவ. அவளுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மச்சான் கல்யாணத்துக்கு லீவுல வந்தவர், ஐம்பது நாள் இருந்துட்டு கல்ஃபுக்குத் திரும்பிட்டார். அதுக்கப்புறம் அக்கா பாதி நாள் பள்ளுருத்தியில மாமியார் வீட்ல, பாதி நாள் எங்களோட. போறப்ப மச்சான் ஒரு டூ-இன்-ஒன் கொடுத்துட்டுப் போனார். ரேடியோவும் டேப்பும் ஒண்ணா இருக்கற பெரிய பெட்டி. அம்மா அதுக்குப் பூப்போட்ட துணியில உறை தைச்சுப் போட்டா. வீட்டுக்கு வந்த இன்னொரு மருமகன் மாதிரி அதுக்கு மரியாதை.

கல்ஃப்ல ஆள் இருந்த வீடுகளுக்கு இந்தப் பழக்கம் தெரியும், மத்தவங்களுக்காகச் சொல்றேன். கடுதாசி எழுத நேரமும் கிடையாது, பாதிப் பேருக்கு எழுத்தும் வராது. அதனால டேப்ல பேசி, ஊருக்கு வர்ற ஆள்கிட்ட கொடுத்து அனுப்புவாங்க. ஏ பக்கம் எல்லாருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு, பள்ளுருத்தியிலருந்து மாமியார் வந்ததும், எல்லாரும் சுத்தி உக்காந்து கேப்போம். பி பக்கம் பொண்டாட்டிக்கு மட்டும். அதை அக்கா கதவைச் சாத்திட்டுக் காதோட வெச்சுக் கேப்பா. யாரும் அந்தப் பக்கம் தொடக்கூடாது. சொல்லி வெச்சதில்லை, ஆனா எல்லாருக்கும் தெரியும். பதிலும் அதே டேப்லதான், பழைய பேச்சு மேலயே பேசி அனுப்பிடுவோம். ஒரே டேப் வருஷக்கணக்கா கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ட்டு வரும். யாரோட குரலும் யார்கிட்டயும் தங்கினதில்லை.

ஏ பக்கத்துல எனக்கும் ரெண்டு நிமிஷம் கிடைக்கும். மாமியார் மைக்குக்கு ஒரு ஜாண் தள்ளி நின்னு, கல்ஃப் வரைக்கும் கேக்கணுங்கற மாதிரி கத்துவாங்க. "மோனே, நீ நேரத்துக்குச் சோறு தின்னுறியாடா." அடுத்து அம்மா, அத்தா. கடைசியா நான். ஒவ்வொரு தடவையும் ஒரே விண்ணப்பம்தான்: "மச்சான், எனக்கு ஒரு இங்கிலீஷ் பாட்டு டேப்பு அனுப்புங்க. நல்லா சத்தமா இருக்கணும்." எல்லாரும் சிரிப்பாங்க. மச்சான் ஒருதடவையும் அனுப்பினதில்லை.

அந்தக் கிறுக்கு எனக்கு எங்கருந்து வந்துச்சுன்னா, ஃபோர்ட் கொச்சியில இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியத் தோழிகிட்டருந்து. சுக்கு வாசனையைப் பாக்காம என் பக்கத்துல உக்காந்தவ அவதான். அவ சேட்டனுக்கு, அதான் அண்ணனுக்கு, கப்பல்ல வேலை. போற துறைமுகத்துலல்லாம் டேப் வாங்கிட்டு வருவான். முதல்முதலா அவ வீட்ல அந்த கிடார் சத்தத்தைக் கேட்டப்ப எனக்குப் பாதி பயம், பாதி சந்தோஷம். மரம் அறுக்கற மில்லுக்குள்ள நின்னுகிட்டு ஒருத்தன் தொண்டை கிழியப் பாடற மாதிரி இருந்துச்சு. வார்த்தை ஒண்ணும் புரியல. ஆனா வீட்ல மெதுவாப் பேசு, மெதுவா நட, மெதுவாச் சிரின்னு கேட்டுக் கேட்டு வளர்ந்த புள்ளைக்கு, யாரோ எனக்காகக் கத்தற மாதிரி இருந்துச்சு. அதை நான் யார்கிட்டயும் விளக்க முடியல, இன்னைக்கும் முடியல.

இப்ப அக்கா விஷயத்துக்கு வர்றேன். அக்கா டைப்ரைட்டிங் லோயர், ஹயர் ரெண்டும் பாஸ் பண்ணவ. கல்யாணத்துக்கு முன்னாடி எங்கயோ எழுதிப்போட்டது, அந்த வருஷம் மழை முடியற நேரத்துல பதில் வந்துச்சு. களமசேரியில ஒரு பெரிய ஃபேக்டரி ஆபீஸ்ல டைப்பிஸ்ட். அடுத்த மாசம் கடைசித் தேதிக்குள்ள சேரணும். அக்கா அந்தக் காகிதத்தை எத்தனை தடவை படிச்சான்னு கணக்கில்லை. எங்க வம்சத்துல ஆபீஸ் நாற்காலியில உக்காந்த பொம்பளை யாரும் கிடையாது.

அத்தா வேண்டாம்னு சொல்லல. "மாப்பிள்ளை சம்மதிச்சா எனக்கென்னம்மா"ன்னார். மாமியார் காதுக்கு மட்டும் இப்ப போக வேண்டாம்னு முடிவாச்சு. அவங்களுக்குத் தெரிஞ்சா பேச்சு வேற எங்கயோ போயிடும். கடுதாசி போட்டாலும், மச்சான் ரூம்ல ஏழெட்டுப் பேர், யார் கையில கிடைச்சாலும் பிரிச்சு சத்தமாப் படிப்பாங்களாம். அதனால அக்கா, "என் பக்கத்துல நானே கேட்டுக்கறேன் அத்தா"ன்னா. டேப் போய்ப் பதில் வர ஒரு மாசம் ஆகும். நாள் சரியா இருந்துச்சு.

அந்த வெள்ளிக்கிழமை ஏ பக்கம் பேசி முடிஞ்சது. மாமியாரைப் பஸ் ஏத்திவிட நான் போனேன். வழக்கமா அக்கா தன் பக்கத்தை, டேப் கொண்டுபோற ஆள் கிளம்பறதுக்கு முந்தின நாள்தான் பேசுவா. யோசிச்சு யோசிச்சு வெச்சுக்குவா. ஆள் கிளம்பறது செவ்வாய்க்கிழமை. ஆனா இந்தத் தடவை அவளுக்குப் பொறுமை இல்லை. நான் பஸ் ஸ்டாப்புல நின்ன அந்த நேரத்துல, கதவைச் சாத்திப் பேசி முடிச்சிருக்கா. எனக்கு அது தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை. தோழி அவ சேட்டனோட ஆறு டேப்பையும், பேட்டரியில ஓடற ஒரு குட்டி பிளேயரையும் ரகசியமா என்கிட்ட கொடுத்தா. "சாயங்காலம் திரும்பத் தரணும். நாளைக்குச் சேட்டன் வந்துடும்"னா. எனக்குன்னு ஒரு டேப் கிடையாது. அத்தாகிட்ட கேட்டதுக்கு, "பேசறதுக்கு ஒண்ணு இருக்குல்ல, இன்னொண்ணு எதுக்கு"ன்னு முடிச்சிட்டார். நான் ஒரு கணக்குப் போட்டேன். பி பக்கத்துல இருக்கறது மச்சானோட பழைய பேச்சு. அக்கா கேட்டாச்சு. திங்கக்கிழமை அது மேல அவ எப்படியும் பேசத்தான் போறா. அதுவரைக்கும் ரெண்டு நாள் என் பாட்டு அதுல இருந்தா யாருக்கு என்ன நஷ்டம். தொடக்கூடாத பக்கம்னு தெரியும். தெரிஞ்சுதான் தொட்டேன்.

அம்மாவும் அக்காவும் போட் ஏறி எர்ணாகுளம் பிராட்வேக்குப் போயிருந்தாங்க. அத்தா கடையில. நான் உள் ரூம்ல சாக்கு மூட்டைகளைச் சுத்தி அடுக்கி, நடுவுல ரெண்டு மெஷினையும் மூஞ்சிக்கு மூஞ்சி வெச்சேன். வயர் போட்டுப் பதியற வித்தையெல்லாம் நமக்குத் தெரியாது. இதுல பாடும், அதுல பதியும், நடுவுல மூச்சு விடக்கூடாது, அவ்வளவுதான்.

எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டுன்னு ஒரு வாரமா நோட்டுப் பின்னாடி எழுதி எழுதி அடிச்சிருந்தேன். முப்பது நிமிஷம்தான் ஒரு பக்கம். முதல்ல மெதுவா அழற மாதிரி ஆரம்பிச்சு நடுவுல பேய் பிடிக்கிற பாட்டு. அடுத்து நிக்காம ஓடற ஒண்ணு. அப்புறம் வாத்தியமே இல்லாம மூணு பேர் சேர்ந்து பாடறது, காது ஆறட்டும்னு. உடனே இருக்கறதுலயே முரட்டுத்தனமானது. பியானோ பாட்டு ஒண்ணு. ஆறாவதா தோழிக்குப் பிடிச்சது, எனக்கு அவ்வளவா பிடிக்காது, டேப் கொடுத்த நன்றிக்காகச் சேர்த்தேன். நடுவுல பள்ளிவாசல் பாங்கு விழுந்துச்சு. தெருவுல மீன்காரர் "மத்தீ, அயிலே"ன்னு கூவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துச்சு, பாட்டு கெட்டுப்போச்சேன்னு. திரும்பப் பதிய நேரமில்லை. அப்படியே விட்டேன்.

கடைசிப் பாட்டு முடிஞ்சதும் நிறுத்திட்டு, முடிவு சரியா விழுந்திருக்கான்னு பாக்கக் கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போட்டேன். டிரம்ஸ் அடிச்சு ஓய்ஞ்சுது. ஒரு கிளிக் சத்தம். அதுக்கப்புறம் அக்கா குரல்.

"...உங்க அம்மாகிட்ட நானே பதமாப் பேசிக்கறேன். உங்களுக்கு ஒரு குறையும் வராம பாத்துக்கறேன். சரின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு."

அவ்வளவுதான் மிச்சம் இருந்துச்சு. அக்கா யார்கிட்டயும் எதையும் ஆசையா இருக்குன்னு கேட்டு நான் கேட்டதில்லை. என்ன பண்ணேன்னு சொல்றேன், நீங்க என்னை என்ன நினைச்சாலும் சரி. அந்த மிச்சத்து மேலயும் இன்னொரு பாட்டைப் பாதிக்குப் பதிஞ்சேன். நாடா தீர்ந்து பட்டன் தானா எகிறற வரைக்கும் பதிஞ்சேன். யாராவது போட்டுப் பாத்தா அக்கா பேசினதும் தெரியக்கூடாது, நான் அழிச்சதும் தெரியக்கூடாதுன்னு ஒரு புத்தி. பதினாலு வயசுப் புத்தின்னு இப்ப சொல்லிக்கலாம். அப்ப அது எனக்குச் சாமர்த்தியமாத்தான் தெரிஞ்சுது.

அப்புறம் சொல்லிடலாம்னுதான் நினைச்சேன், சத்தியமா. இன்னும் மூணு நாள் இருக்கு. அக்கா திட்டுவா, ரெண்டு அடி வெப்பா, திரும்பப் பேசுவா. அரை மணி நேர வேலை. அப்படி நினைச்சுக்கிட்டிருக்கறப்பவே அக்கா பிராட்வேயிலருந்து வந்தா. கையில மடக்குக் குடை ஒண்ணு, தோள்ல மாட்டற பை ஒண்ணு. குடையை ரூமுக்குள்ளயே விரிச்சு, பையை மாட்டிக்கிட்டு, என் முன்னாடி ரெண்டு நடை நடந்து காட்டினா. "எப்படிடி இருக்கு, ஆபீஸ்காரி மாதிரி இருக்கா?" நான் நல்லாருக்குன்னேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு தோணுச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு டேப் கொண்டுபோற ஆள் வாசல்ல வந்து நின்னார். டிக்கெட் மாறிடுச்சாம், மத்தியானமே பம்பாய்க்குக் கிளம்பறாராம். வீடே பரபரன்னு ஆச்சு. அம்மா நேந்திரங்கா உப்பேரியைப் பொட்டலம் கட்டினா. அக்கா டேப்பை நடுவுல வெச்சு, துணி சுத்தி, பார்சலைத் தைக்க உக்காந்தா. ஊசியில நூல் கோத்துக் கொடுத்தது நான்தான்.

"அக்கா"ன்னு கூப்பிட்டேன்.

"என்னடி?"

அந்த ஆள் வாட்சைப் பாத்துக்கிட்டே சாயா குடிச்சிட்டிருந்தார். அத்தா பக்கத்துல. அம்மா பக்கத்துல. "ஒண்ணுமில்லை"ன்னேன்.

அதுக்கப்புறம் நாலு வாரம் அக்கா காலையில சீக்கிரம் எழுந்து பழகினா. எந்த போட்டைப் பிடிச்சா எந்த பஸ்ஸைப் பிடிக்கலாம்னு ஒரு காகிதத்துல எழுதி வெச்சிருந்தா. நான் தினமும் ஒரு தடவை சொல்லப் போவேன், திரும்பி வருவேன். அப்புறம் எனக்கே ஒரு சமாதானம் பிறந்துச்சு. மச்சான் வெறும் பாட்டைக் கேட்டா, "ஏன் நீ ஒண்ணும் பேசல"ன்னு கேட்டு அனுப்பத்தானே போறார், அப்ப தெரிஞ்சுட்டுப் போகட்டும்னு. என் வாயால சொல்ல வேண்டியதில்லை பாருங்க.

பதில் வந்தப்ப சேர வேண்டிய தேதிக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. ஏ பக்கத்துல மச்சான் எல்லாருக்கும் சலாம் சொன்னார். வெயில் கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னார். கடைசியில, குரல் கொஞ்சம் இறங்கி, "ரெண்டு பக்கமும் கேட்டேன். நம்ம தெருச் சத்தமெல்லாம் கேட்டுச்சு. மனசு நிறைஞ்சுபோச்சு"ன்னார். அக்கா முகத்துல ஒரு வெளிச்சம். டேப்பை எடுத்துக்கிட்டு உள்ள போனா, கதவு சாத்தினா.

சாக்கு அடுக்கின ரூமுக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல ஒரு பலகைச் சுவர்தான். முதல்ல கிடார். அப்புறம் டிரம்ஸ். அப்புறம் ஒருத்தன் கத்தினான். அக்கா நிறுத்தினா. முன்னாடி தள்ளிப் போட்டா. இன்னொரு பாட்டு. இன்னும் தள்ளினா. அதுவும் பாட்டு. முப்பது நிமிஷமும் அவ தேடினது எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

மச்சான் என்ன நினைச்சிருப்பார்னு எனக்கு உடனே புரிஞ்சுது. பொண்டாட்டி பாட்டு அனுப்பியிருக்கா, அவளுக்கு இதெல்லாம் பிடிக்கும் போலன்னு நினைச்சு, இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை தெரியாத மனுஷன், எந்தெந்தக் கடையிலயோ ஏறி இறங்கி, அதே மாதிரி பாட்டாத் தேடிப் பதிஞ்சு அனுப்பியிருக்கார். மெதுவா ஒண்ணு, வேகமா ஒண்ணு, நடுவுல பியானோ ஒண்ணு, என் வரிசையைப் பாத்து அப்படியே. எவ்வளவு பிரியம் இருந்தா அப்படிச் செய்வாங்கன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்காவுக்குத் தெரிஞ்சது வேற. வெளிய வந்து டேப்பை என் மடியில போட்டா. "எப்பப் பாத்தாலும் கேட்டுக்கிட்டே இருந்தேல்ல, அனுப்பியிருக்கார் பார். என் பக்கத்தை உனக்குக் கொடுத்துட்டார்." அழல. கோபப்படவும் இல்லை.

அத்தா, "என்ன சொன்னார் மாப்பிள்ளை?"ன்னு கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல அத்தா."

அத்தா தாடியைத் தடவிட்டு, "வேண்டாம்னு வாயால சொல்ல மனசு வரல. மரியாதை தெரிஞ்ச புள்ளை. நாமதான் புரிஞ்சுக்கணும்"னார். அவர் ஊர்ல நாலு பேருக்குப் பஞ்சாயத்து சொல்றவர். எல்லாம் தெரிஞ்சவர் மாதிரிதான் சொன்னார். அம்மா மட்டும், "ஒரு தந்தி அடிச்சுக் கேக்கலாமே"ன்னா. அக்கா, "ஒருதடவை கேட்டாச்சு. கெஞ்சணுமா?"ன்னா. அந்தப் பேச்சு அங்கயே முடிஞ்சுது. தேதி போச்சு. குடையை அம்மா எடுத்துக்கிட்டா.

இதுல கேவலமான இடம் எதுன்னா, நான் அந்த டேப்பைக் கேட்டேன். அக்கா அந்த டேப்பைத் திரும்ப வாங்கிக்கல, பதில் பேச வேற டேப் வாங்கிட்டாங்க. எனக்கு வாழ்க்கையில கிடைச்ச முதல் சொந்த டேப் அதுதான். பாங்கு இல்லாம, மீன்காரர் இல்லாம, சுத்தமாப் பதிஞ்சது. ரெண்டு நாள் குற்ற உணர்ச்சி, மூணாம் நாள் போட்டுட்டேன். எவ்வளவு நல்ல பாட்டுங்க தெரியுமா. அந்த வருஷம் முழுக்க நான் சந்தோஷமா இருந்தேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு மச்சான் லீவுல வந்தார். எங்க வீட்ல விருந்து. கை கழுவற இடத்துல அக்காகிட்ட மெதுவா, "நான் அனுப்பின பாட்டெல்லாம் பிடிச்சுதா?"ன்னு கேட்டார். நான் சொம்போட நிக்கறேன். அக்கா, "தங்கச்சிகிட்ட கொடுத்துட்டேன்"னா. அவர் முகம் ஒரு மாதிரி ஆச்சு. "ஓ, சரி"ன்னு துண்டுல கையைத் துடைச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் அவர் அவளுக்குப் பாட்டு வாங்கி அனுப்பல, அவ அவர்கிட்ட எதையும் கேக்கல. குழந்தை பிறந்தது, வீடு கட்டினது, எல்லாம் நடந்துச்சு. நல்ல குடும்பம்னு தெருவே சொல்லும். டேப் வந்தா ஏ பக்கம் முடிஞ்சதும் அக்கா அடுப்படிக்குப் போயிடுவா, பி பக்கத்தை வேலையெல்லாம் முடிஞ்சு சாவகாசமாக் கேப்பா. மச்சான் இருபத்திரண்டு வருஷம் அங்கயே கிடந்தார்.

போன மாசம் பள்ளுருத்திக்குப் போயிருந்தேன். அவங்க மருமகளுக்கு வேலை கிடைச்சிருக்கு, அந்தச் சந்தோஷத்துல மச்சான் நிறையப் பேசினார். இப்பல்லாம் அவருக்குப் பேச்சு பாதியில நின்னுபோகும், சாப்பிட்டதே மறந்துபோகும். அன்னைக்கு நல்லாப் பேசினார். "உங்க அக்காவும் அந்தக் காலத்துலயே வேலைக்குப் போயிருந்தா, நான் எப்பவோ திரும்பி வந்திருப்பேன். ஒரு சம்பளம் இங்க இருக்குன்னா தைரியமா வந்திருக்கலாம். புள்ளைங்க வளர்றதைப் பாத்திருப்பேன். அவளுக்கு அதுல இஷ்டம் இல்லை போல, ஒருதடவை கூடக் கேக்கல."

அக்கா சாயா எடுத்துட்டு வந்தவ, அப்படியே நின்னா.

"நான் கேட்டேன்"னா.

"எப்ப?"

"களமசேரியில வேலை வந்தப்ப. டேப்ல கேட்டேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டேன்."

மச்சான் அவளையே பாத்தார். நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டார். என்னைப் பாத்தார், எனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கான்னு கேக்கற மாதிரி. நான் டம்ளரைக் கையில எடுத்தேன். நாப்பது வருஷம். இனிமே சொல்றதுக்கு எனக்கு என்ன பயம், யார் அடிக்கப் போறாங்க. அத்தா இல்லை, அம்மா இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

அதுக்குள்ள அவர் சொன்னார். "கேட்டிருப்பே. நான்தான் மறந்துட்டேன். எத்தனையோ டேப் வந்துச்சு, வேலை அலுப்புல சரியாக் கேக்காம விட்டிருப்பேன். என் தப்புதான். நீ அவ்வளவு ஆசையாக் கேட்டதை நான் மதிக்கலைன்னுதானே இத்தனை வருஷமும் நினைச்சிருப்பே. என்னை மன்னிச்சிரு."

அவர் கண்ணு கலங்கிருச்சு. அக்கா டிரேயைக் கீழ வெச்சுட்டு அவர் பக்கத்துல உக்காந்தா. நான் அவளை அப்படி அவர் பக்கத்துல ஒட்டி உக்காந்து பாத்ததே இல்லை. "போகட்டும் விடுங்க, எவ்வளவோ காலமாச்சு"ன்னு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டா.

நான் சாயாவைக் குடிச்சு முடிச்சேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்தேன். அக்கா கேட் வரைக்கும் கூட வந்து, "பாத்தியாடி, பாவம், அவர் வேணும்னு செய்யல"ன்னா. நான் ஆமாம்னேன்.